தெலுங்குப் பட்டை பச்சையான கதை

வேங்கிக்காலில் பன்மொழி யாத்ரிகர் வழிகாட்டு மையம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. அதன் வாசல் பலகை ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். மற்ற எட்டு மொழிகளை எழுதப் பலகையில் இடம் போதவில்லை, பெரிய பலகை கேட்டு மேலே எழுதியிருக்கிறோம் என்பார்கள். மேலே யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. திருவண்ணாமலையில் மேலே பார்த்தால் மலைதான் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. கிரிவலம் வருகிறவர்களுக்காக மையம் நடத்தும் இணையதளத்தின் ஒன்பது மொழிகளுக்கும் அதில் ஒன்பது பட்டைகள். ஒரு மொழியில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தால் அந்தப் பட்டை பச்சை. காலிக் கட்டம் ஒன்று இருந்தாலும் சிவப்பு. கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது டிவிக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் டிவிக்கும் இயக்குநர் இளஞ்செழியனுக்கும் நல்ல ஒற்றுமை.

இயக்குநர் காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு டிவி முன்னால் சற்று நேரம் நிற்பார். பிறகுதான் நாற்காலிக்குப் போவார். ஆயுதபூஜை அன்று டிவிக்குக் குங்குமம் வைத்ததில் பொட்டு கன்னடத்தின் மேல் விழுந்துவிட்டது. மறுநாள் கன்னடம் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று அந்தப் பிரிவிடம் விளக்கம் கேட்கப்பட்டது. பிரிவு விளக்கம் எழுதியது. விளக்கம் திருப்தி இல்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் துடைப்பக்காரம்மா ஈரத் துணியால் பிரச்சினையைத் தீர்த்தார். அதற்கு இயக்குநருக்குப் பாராட்டு வந்தது.

சமீர் இந்த மையத்தில் ஒப்பந்த ஊழியனாகச் சேர்ந்தது ஒரு மத்தியானம். நேர்காணல் சின்னதுதான்.

"வீட்ல என்ன பேசுவீங்க?" என்றார் இயக்குநர்.

"உருது சார்."

"வெளியில?"

"தமிழ்தான் சார்."

"அப்ப பாஷை உங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு. தெலுங்க நீங்க எடுத்துக்குங்க."

"சார், தெலுங்கு எனக்கு சுத்தமா..."

"உருதே வருது. தெலுங்கு வராதா?"

அப்படித்தான் தெலுங்கு சமீர் கைக்கு வந்தது. அதே அலுவலகத்தில், வீட்டில் கன்னடம் பேசுகிற பூஜாவுக்குப் பிரெஞ்சு கொடுத்திருந்தார்கள். அவரவர் மொழியை அவரவர் கையில் கொடுத்தால் சலுகை காட்டியது போல் ஆகிவிடுமாம்.

தெலுங்குப் பிரிவில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து எழுதும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் பணியிடம் காலி. கணினியை விட்டு மொழிபெயர்க்கச் சொல்லலாமா என்றால், மொழிபெயர்ப்பாளர் சரிபார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது என்று சுற்றறிக்கை. சமீரிடம் இருந்தது ஒரே ஒரு பொத்தான். காலியாகக் கிடக்கும் கட்டங்கள் அத்தனையிலும் ஒரே வாக்கியத்தை நிரப்பும் பொத்தான். இனிமேல் உண்டாகும் காலிக் கட்டங்களிலும் அது தானே போய் உட்கார்ந்துகொள்ளும். 'விரைவில் வரும்' என்று போடுவதற்காக யாரோ செய்து வைத்தது. 'விரைவில் வரும்' என்பதைத் தெலுங்கில் சொல்ல ஆள் வரவில்லை.

இணையதளத் திறப்பு விழா அன்று சென்னையிலிருந்து பெரிய அதிகாரி கிளம்பிவிட்டார். ஊர் எல்லை வரை வந்துவிட்டதாகப் போன். டிவியில் எட்டுப் பட்டை பச்சை. தெலுங்கு மட்டும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து கிடந்தது.

"சமீர்," என்றார் இயக்குநர். "என்ன எழுதியிருக்குன்னு நான் கேக்கல. காலியா இருக்கக் கூடாது. அவ்ளோதான் நான் கேக்குறது."

யோசனை சமீருடையது. யாரும் அவன் தலையில் கட்டவில்லை. குழு கூடி, விவாதித்து, ஒப்புதல் கொடுத்த ஒரே ஒரு தெலுங்கு வாக்கியம் முகப்புப் பக்கத்தில் இருந்தது: அண்ணாமலையார் அருளால் தங்கள் பயணம் சிறக்கட்டும். நல்ல வாக்கியம். யாருக்கும் கெடுதல் சொல்லாத வாக்கியம். சமீர் அதை எடுத்துப் பொத்தானில் வைத்து அழுத்தினான். தெலுங்கு பச்சையானது. இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டார். பெரிய அதிகாரிக்குப் போட வாங்கிய சால்வைகளில் ஒன்று சமீருக்கும் வந்தது.

அன்றிலிருந்து தெலுங்கில் எதைத் தொட்டாலும் வாழ்த்து வந்தது. தங்கும் அறை எங்கே என்று தொட்டால், தங்கள் பயணம் சிறக்கட்டும். குடிநீர், கழிப்பறை, மருத்துவ உதவி, எல்லாவற்றுக்கும் தங்கள் பயணம் சிறக்கட்டும். கூட்டத்தில் தொலைந்தவர்களைத் தேடும் பக்கத்திலும் தங்கள் பயணம் சிறக்கட்டும். முதல் வாரம் சமீர் இதை அலுவலகத்துக்கு எதிரே கன்னியம்மாளின் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கன்னியம்மாளும் சிரித்தாள். "எங்கூட்டுக்காரரு இந்த மாதிரி ஒரு நாளாவது சொல்லியிருந்தா நான் ஏன் கடை போடப் போறேன்," என்றாள்.

மாத முடிவில் புகார்க் கணக்கு வந்தது. தமிழில் நிறைய, ஆங்கிலத்தில் அதைவிட நிறைய. தெலுங்கில் ஒன்றுகூட இல்லை. புகார் சொல்லும் பொத்தானைத் தொட்டாலும் வாழ்த்துதான் வந்தது. இயக்குநர் மற்றப் பிரிவுகளைக் கூப்பிட்டு, "தெலுங்கப் பாத்துக் கத்துக்குங்க," என்றார்.

சமீரின் சிரிப்பு ஒரு பௌர்ணமி மத்தியானம் நின்றது.

நடக்க முடியாத வயதானவர்களைக் கிரிவலப் பாதையில் சுற்றிக் கூட்டிவர மையம் பேட்டரி வண்டி விட்டிருந்தது. அது மையத்துக்குப் பக்கத்து மைதானத்திலிருந்து கிளம்பும். சாலை வேலை ஆரம்பித்ததால் வண்டி நிற்கும் இடத்தைச் செங்கம் சாலைக்கு, ரமணாசிரமம் பக்கம் மாற்றினார்கள். மாற்றிய அறிவிப்பு எல்லா மொழியிலும் போனது. தெலுங்கில் போகவில்லை என்று சொல்ல முடியாது. அங்கே வாழ்த்து போனது.

டீ குடிக்க வெளியே வந்த சமீர், காலி மைதானத்துப் புங்கமரத்தடியில் ஒரு கிழவரும் ஒரு அம்மாவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். கிழவரின் ஒரு கால் நீட்டியபடி இருந்தது. அந்த அம்மா புடவைத் தலைப்பால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா வெய்ட் பண்றீங்க?"

"வண்டிக்கு நாயனா. வயசானவங்க வண்டி." தெலுங்கில் செல்லமாக அழைத்துவிட்டுத் தமிழில் பேசினாள். தெலுங்கு நாட்டு எல்லையில் இருக்கும் குப்பம் பக்கத்துத் தமிழ். "எங்க ஊர்க்காரங்க போன தடவ இங்கதான் ஏறுனாங்களாம். காலைல வந்தோம். இன்னும் காணோம்."

"அது இங்கேர்ந்து மாத்திட்டாங்களே. யாரையும் கேக்கலியா?"

"எதுக்குக் கேக்கணும்?" அவள் போனை எடுத்து நீட்டினாள். தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் தெலுங்குப் பக்கம் திறந்திருந்தது. "இதுல வண்டின்னு தொட்டேன். ஆசீர்வாதம் வந்துச்சு. எடம்னு தொட்டேன். அதுக்கும் ஆசீர்வாதம். தப்பான எடமா இருந்தா சாமி பேரச் சொல்லி ஆசீர்வாதமா வரும்?"

கிழவர் குனிந்து முழங்காலைத் தடவினார். "எங்க ஊர் ஆபீஸ்ல போனா எரிஞ்சு விழுவான். இங்க எத்தத் தொட்டாலும் வாழ்த்துறாங்க. பக்தியான ஊரு."

அந்த அம்மாவின் பெயர் நாகரத்தினம்மா. அவர் சென்னப்பா, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மலையைச் சுற்றுவதாக வேண்டுதல். சமீர் ஓர் ஆட்டோ பிடித்து, தானும் முன்னால் தொற்றிக்கொண்டு, அவர்களைச் செங்கம் சாலைக்குக் கூட்டிப்போனான். போய்ச் சேர்ந்தபோது கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டது, இனி வண்டி ஓடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். சென்னப்பா ரோட்டோரம் நின்று மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடுத்த மாசம் வரோம்பா," என்று மலையிடம் சொன்னார்.

பஸ் ஏறும்போது நாகரத்தினம்மா முந்தானையில் முடிந்திருந்த முறுக்கை அவிழ்த்துச் சமீரின் கையில் வைத்தாள். ஏதாவது என்றால் கேட்டுக்கொள்ளலாம் என்று அவன் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். "நல்ல புள்ள நீ. அந்தப் பக்கத்த எழுதுனவனும் உன்ன மாதிரிதான் இருப்பான். அவன் நல்லா இருக்கணும்."

முறுக்கு மொறுமொறுப்பாகத்தான் இருந்தது. சமீர்தான் ஒரு கடியோடு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு அவனுக்கு ஒரு வியாதி பிடித்தது. யாராவது நல்ல வார்த்தை சொன்னால் உடம்பு கூசியது. காலையில் அவன் அம்மா பீபி ஜான் வாசலில் நின்று, "பத்திரமா போய்ட்டு வா," என்றால், "ஏம்மா எனக்குச் சொல்ற, ரோட்ல போறவங்களுக்குச் சொல்லு," என்பான். "புள்ளைக்கு வெயில் ஒத்துக்கல," என்று அவள் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள்.

வாழ்த்தை எடுத்துவிடலாம் என்று சமீர் இயக்குநரிடம் போனான். அதற்காகப் பிரச்சினை தீர்வுக் கூட்டம் கூட்டப்பட்டது. சென்னையிலிருந்து மொழித்தர ஆலோசகர் சுரேஷ்குமார் வந்திருந்தார். பிரச்சினைக்கு முன்னால் போண்டா வந்தது.

"எடுத்தா என்ன ஆகும்?" என்றார் இயக்குநர்.

"பட்டை சிவப்பாயிடும் சார். ஆனா தெரியாதத தெரியலன்னு ஜனங்க புரிஞ்சிக்குவாங்க. வேற யாரையாவது கேப்பாங்க."

"சிவப்பானா விளக்கம் கேப்பாங்க தம்பி. பச்சையா இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் சர்வீசுக்கு வந்து இத்தினி வருஷத்துல கத்துக்கிட்டது இது ஒண்ணுதான். உனக்குச் சும்மா சொல்லிக் குடுக்குறேன்."

"சார், ஜனங்க தப்பான எடத்துல போய் உக்காந்திருக்காங்க."

"புகார் வந்துச்சா? ஒரு தெலுங்குப் புகார் காட்டு."

"புகார் பொத்தானத் தொட்டாலும் வாழ்த்துதான் சார் வருது."

இயக்குநர் பெருமையோடு ஆலோசகரைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா. புகார் சொல்ல வந்தவனையே வாழ்த்தி அனுப்புற ஒரே ஆபீஸ் நம்முது."

சுரேஷ்குமார் போண்டாவை வைத்துவிட்டு எழுந்தார். "இதுல மொழிப் பிரச்சினையே இல்ல. மொழி தன் வேலையச் செஞ்சிருக்கு. கட்டம் நிரம்பியிருக்கு. படிக்கிறவருதான் அதுல தகவல எதிர்பாக்குறாரு. எதிர்பாக்குறது அவரு பக்கத்துத் தப்பு. நாம அத மதிக்கணும். அவங்க அந்த மரத்தடியில உக்காந்தா, அதுதான் அவங்க விரும்புற எடம்."

கூட்டம் கைதட்டியது. சமீரும் தட்டினான். கை தானாகத் தட்டியதாக அவன் பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

தீர்மானப்படி, வண்டி வராத மைதானத்தில், புங்கமரத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழற்குடை கட்டப்பட்டது. சிமெண்டு பெஞ்சு, தகரக் கூரை, மின்விசிறி. விசிறிக்கு மின்சாரம் கேட்டு மேலே எழுதியிருந்தார்கள். நெற்றியில் ஒப்புதல் பெற்ற தெலுங்கு வாக்கியம் பெரிய எழுத்தில். இயக்குநர் ரிப்பன் வெட்டினார். "தெலுங்கு பக்தர்களின் நீண்ட நாள் காத்திருப்புக்கு இன்று ஒரு கூரை கிடைத்திருக்கிறது," என்று பேசினார். அந்தப் பேச்சில் பொய் என்று ஒன்றுமே இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு நிழற்குடை நிரம்பியது. எழுத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் நம்பி உட்கார்ந்தார்கள். சமீர் ஓடி ஓடிச் சொல்லி ஆட்டோ ஏற்றினான். ஒரு கும்பலை ஏற்றிவிட்டுத் திரும்பினால் இன்னொரு கும்பல் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவன் கண் சென்னப்பாவையே தேடியது. அவர் வரவில்லை. வரவில்லை என்று சந்தோஷப்பட்டான். பிறகு, ஏன் வரவில்லை என்று பயந்தான்.

மறுநாள் மத்தியானம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து குப்பத்துக்குப் போன் போட்டான். நாகரத்தினம்மாதான் எடுத்தாள். அன்றைக்கு வெயிலில் உட்கார்ந்ததில் கால் வீங்கிவிட்டது, இந்த மாதம் டாக்டர் விடவில்லை என்றாள்.

சமீர் டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, "அம்மா, அந்த ஆசீர்வாதத்த எல்லா எடத்துலயும் போட்டது நான்தான்," என்றான்.

"தெரியும்."

"எப்படி?"

"ஆட்டோவுல வரும்போது எழுதுனவன் யாரோன்னு நான் பேசப் பேச நீ திரும்பியே பாக்கல. தப்புப் பண்ண புள்ளைங்க முதுகு எனக்குத் தெரியாதா? மூணு பெத்திருக்கேன்."

"திட்டுங்கம்மா."

"திட்டினா கால் வீக்கம் வத்திடுமா? இவரு பேசணுங்கறாரு, இரு."

சென்னப்பாவின் குரல் வந்தது. "தம்பி, விலாசம் தெரியாத கடுதாசி வந்தா, தெரியலன்னு எழுதித் திருப்பி அனுப்புவோம். நல்லா இருங்கன்னு எழுதி எதிர்த்த வீட்ல போட்டுட மாட்டோம்."

"எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போடத்தான் பொத்தான் இருக்குதுங்க. அது எல்லாக் கட்டத்துக்கும் போகும். எல்லாக் கட்டத்துக்கும் பொருந்துற மாதிரி உண்மையா ஒண்ணு தெலுங்குல எழுதிக் குடுங்க. இங்க ஒப்புதல் இல்ல. மாட்டுனா என் வேலை போயிடும். பரவால்ல."

போனில் புருஷனும் பெண்சாதியும் தெலுங்கில் தர்க்கம் பண்ணுவது கேட்டது. "மன்னிப்பு மொதல்ல வரணுங்கறா இவ," என்றார் சென்னப்பா. சற்று நேரத்தில் செய்தி வந்தது. தமிழில் அதன் அர்த்தம் இது: மன்னிக்க வேண்டும். இதைச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உத்தரவு இயக்குநரின் கையெழுத்துக்குப் போயிருந்த வாரம் அது. சமீர் உள்ளே போய்ப் பழைய வாக்கியத்தை எடுத்தான். ஒரு நொடி தெலுங்கு சிவந்தது. புது வாக்கியத்தை வைத்து அழுத்தினான். டிவி பச்சையானது. அதற்கு வாழ்த்தும் ஒன்றுதான், மன்னிப்பும் ஒன்றுதான். நிழற்குடையின் நெற்றியில் அந்த வாக்கியத்தையே தாளில் அச்செடுத்து ஒட்டினான். இயக்குநர் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார். எழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார்.

பெரிய அதிகாரி மறுபடி ஆய்வுக்கு வந்தார். இந்த முறை கூட வந்திருந்த அம்மையாருக்குத் தெலுங்கு படிக்க வரும் என்பது யாருக்கும் தெரியாது. அவர் டிவியில் ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்த்தார். ஐந்தாறு கட்டத்துக்குப் பிறகு சத்தமாகப் படித்து, தமிழிலும் சொன்னார்.

"யார் எழுதினது?" என்றார் பெரிய அதிகாரி.

சமீர் எழுந்து நின்றான். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு தொண்டையில் தயாராக இருந்தது.

"நான் முப்பது வருஷமா ஆபீஸ் ஆபீசாப் போறேன்," என்றார் அதிகாரி. "தெரியலன்னு எழுதி வெச்ச ஒரு ஆபீசை இப்பதான் பாக்குறேன். என்ன ஒரு அடக்கம்."

சமீர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் முன்னால் வந்துவிட்டார். "ரொம்ப நாளா என் மனசுல இருந்த யோசனைங்கய்யா. இந்தப் பையன் டைப் அடிச்சான்."

சமீர் நின்றபடியே இருந்தான். உட்காரச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வேலை போகவில்லை. தண்டனைக்குத் தயாராகப் போனவனுக்கு மறுபடியும் ஒரு சால்வை கிடைத்தது. அதைப் போர்த்திக்கொண்டபோது அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

அந்த வாரமே, அந்த வாக்கியத்தை ஒன்பது மொழியிலும் எல்லாக் கட்டத்திலும் ஏற்ற உத்தரவு வந்தது. தமிழில் ஏற்கெனவே சரியாக இருந்த தகவல்களை எடுத்துவிட்டு ஏற்றினார்கள், மொழிகளுக்குள் ஏற்றத்தாழ்வு கூடாது என்பதால். 'மன்னிக்க வேண்டும்' என்பதை மட்டும் சட்டப் பிரிவு நீக்கியது. மன்னிப்புக் கேட்டால் தப்பு நடந்ததாக ஆகிவிடுமாம். தெலுங்கில் மட்டும் அது அப்படியே தங்கிவிட்டது. தெலுங்கில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று சட்டப் பிரிவுக்குத் தெரியவில்லை.

அடுத்த பௌர்ணமி மத்தியானம் சமீர் மைதானத்துக்குப் போனான். நிழற்குடை காலியாக இருந்தது. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்த பிறகுதான் மரத்துக்கு அந்தப் பக்கம் நீட்டிய கால் ஒன்று தெரிந்தது.

"ஏம்மா மறுபடி இங்க வந்து உக்காந்தீங்க?" அவன் குரலில் அழுகையும் கோபமும் கலந்திருந்தன. "அதான் கேளுங்கன்னு போட்டாச்சே."

"அதான் நாயனா கேக்க வந்தோம்," என்றாள் நாகரத்தினம்மா. "பக்கத்துல இருக்கறவங்களக் கேக்கச் சொல்லுச்சு. இந்த ஊர்ல எங்களுக்குத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். வண்டி எங்க நிக்குது?"

செங்கம் சாலையிலிருந்து வண்டியைக் காலையில்தான் வேறெங்கோ மாற்றியிருந்தார்கள் என்று அலுவலகத்தில் காதில் விழுந்திருந்தது. எங்கே என்று விழவில்லை. சமீர் போனை எடுத்துத் தன் அலுவலகத்தின் இணையதளத்தைத் தமிழில் திறந்தான். படித்தான். மூடினான். எதிரே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அக்கா, பேட்டரி வண்டி எங்க நிக்குது?"

"அடி அண்ணாமலை போற வழில, பம்ப் செட்டு கிட்ட," என்றாள் கன்னியம்மாள், டீயை ஆற்றியபடி. "ஆட்டோக்காரங்க சொன்னாங்க. சீக்கிரம் போ, கயிறு கட்டிடப் போறாங்க."

சென்னப்பா தடியை ஊன்றி எழுந்தார். "ஏன் தம்பி, நீ அந்த ஆபீஸ்தானே?"

"அதனாலதாங்க தெரியல."

அவன் அவருடைய கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடத்தினான். ஏறும் முன் நாகரத்தினம்மா அவன் தலையில் கை வைத்தாள். வாய் திறந்தாள்.

"ஆசீர்வாதம் அப்புறம்மா," என்றான் சமீர். "மொதல்ல வண்டியப் பிடிப்போம்."